ட்ரம் கோர் பாக்க மியூசிக் படிச்சிருக்கணுமா?

ட்ரம் கோர் வீடியோ ஒண்ண யாருக்காவது அனுப்பினா எனக்கு வர்ற பதில் பெரும்பாலும் இதுதான், "சூப்பரா இருக்கு, ஆனா இதெல்லாம் மியூசிக் படிச்சவங்களுக்குத்தானே புரியும்?" ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருக்கறவ இதையே கேட்டா, அத்தை பொண்ணு இதையே கேட்டா, எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் "அங்க மியூசிக் காலேஜ் பசங்களா இவங்க"ன்னு கேட்டார். நான் பி.காம் முடிச்சிட்டு நுங்கம்பாக்கத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாத்துட்டு இருக்கறவ, எந்த வாத்தியமும் கத்துக்கிட்டதில்ல, மேல்நாட்டு நொட்டேஷன காட்டினா எனக்கு கோடும் புள்ளியும்தான் தெரியும். ஆனா ஆகஸ்ட் வந்தா மனசு பூரா இங்கதான் இருக்கும். அதனால இந்தக் கேள்விய சும்மா "இல்லப்பா, பாருங்க"ன்னு தட்டிவிடாம உக்காந்து ஒழுங்கா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன்.

தெரியாதவங்களுக்கு முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். அமெரிக்கால கோடை லீவுல நடக்கறது இது. பெரிய குழுன்னா 150 பேருக்கு மேல இருப்பாங்க, எல்லாரும் இளவட்டம், 21 வயசு தாண்டிட்டா அப்புறம் சேர முடியாது. அவங்க ஊர் ஃபுட்பால் மைதானத்துல நடந்துட்டும் ஓடிட்டும் வாசிப்பாங்க, பித்தளை வாத்தியங்க, ட்ரம்ஸ், அதோட கொடி, மரத்துப்பாக்கி, வாள் வச்சு ஆடற கலர் கார்டு. கிளாரினெட், சாக்ஸஃபோன், ஃப்ளூட் எல்லாம் கிடையாது, ஸ்கூல் காலேஜ் மார்ச்சிங் பேண்டுக்கும் இதுக்கும் சட்டுனு தெரியற வித்தியாசம் அதுதான். ஒரு ஷோ பத்து பன்னெண்டு நிமிஷம், அவ்வளவுதான். அந்தப் பன்னெண்டு நிமிஷத்துக்காக மே மாசத்துலேர்ந்து பகல் பூரா வெயில்ல பிராக்டிஸ் பண்ணி, அப்புறம் ஜூன் கடைசிலேர்ந்து பஸ்ல ஊர் ஊரா போயி, ஸ்கூல் ஜிம் தரையில பாய் போட்டு படுத்து, காலைல எழுந்து மறுபடி பிராக்டிஸ், ராத்திரி ஷோ, மறுபடி பஸ். முதல் உலகப் போருக்கு அப்புறம் அங்க இருந்த முன்னாள் சிப்பாய்கள் சங்கங்கள், அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ எல்லாம், ஊருக்கு ஊர் பியூகிள் ட்ரம் குழு வச்சு நடத்தினாங்க, அதுலேர்ந்து வளர்ந்தது இது. 1972ல ட்ரம் கோர்ஸ் இன்டர்நேஷனல், சுருக்கமா டிசிஐ, விஸ்கான்சின்ல வைட்வாட்டர்ங்கற ஊர்ல முதல் சாம்பியன்ஷிப் வச்சாங்க, அனஹைம் கிங்ஸ்மென்ங்கற குழு ஜெயிச்சுது. இப்ப பல வருஷமா ஃபைனல்ஸ் இண்டியானாபொலிஸ்ல லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல. அங்க சனிக்கிழமை ராத்திரின்னா நமக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலை, கடைசி குழு வாசிச்சு முடிக்கறப்போ நம்ம வீட்ல டிபனுக்கு இட்லி வெந்துட்டு இருக்கும்.

இப்ப கேள்விக்கு வரேன். வாசிக்கறவங்களே எல்லாரும் மியூசிக் படிக்கறவங்க இல்ல. மியூசிக் டீச்சர் ஆகணும்னு படிக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, உண்மைதான், ஆனா அவங்க பக்கத்துலயே இன்ஜினியரிங் படிக்கறவன், நர்சிங் படிக்கறவ, என்ன படிக்கப்போறோம்னே இன்னும் முடிவு பண்ணாத ஸ்கூல் பையன் எல்லாரும் ஒரே வரிசையில நிக்கறாங்க. கலர் கார்டுக்கு வர்றவங்கள்ல டான்ஸ் பக்கத்துலேர்ந்து வர்றவங்க உண்டு, அவங்களுக்கு எல்லாமே கவுன்ட்தான், ஒண்ணுலேர்ந்து எட்டு, மறுபடி ஒண்ணுலேர்ந்து எட்டு. மைதானத்துக்குள்ள இருக்கறவங்களுக்கே பட்டம் தேவைப்படாதப்போ மேல கேலரில உக்காந்திருக்கற நமக்கு எதுக்கு தேவைப்படணும்?

எங்க பெரியப்பாகிட்ட இதப்பத்திப் பேசினது எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. ரிடையர் ஆனதுலேர்ந்து மார்கழி வந்தா அவருக்கு சபாதான் வீடு, மயிலாப்பூர்லயும் தி.நகர்லயும் எந்தக் கேன்டீன்ல என்னிக்கு என்ன டிபன்னு கூட மனப்பாடமா தெரியும். ஆனா பாட்டு கத்துக்கிட்டதே இல்ல, பேங்க் உத்தியோகம், எல்லாம் கேள்வி ஞானம்தான். அவருக்கு ஒரு ட்ரம்லைன் வீடியோ போட்டுக் காட்டினேன், ட்ரம்ஸ்காரங்க மட்டும் வரிசையா பார்க்கிங் லாட்ல நின்னு வார்ம் அப் பண்ணுவாங்களே அது. ஒரு வார்த்தை பேசாம பாத்தார், முடிஞ்சதும் "இதுல தனி ஆவர்த்தனம் மாதிரி ஒண்ணு நடக்குதும்மா, எனக்கு கணக்கு பிடிபடல, ஆனா எங்க வந்து உக்கார்றான்னு தெரியுது"ன்னார். நான் சொல்ல நினைச்சது மொத்தமும் அதுல இருக்கு. தனி ஆரம்பிச்ச உடனே எழுந்து காபி குடிக்கப் போறவங்க இருக்காங்க, அவங்களையும் தெரியும் நமக்கு. ஆனா எழுந்து போகாம உக்காந்திருக்கற கூட்டத்துல எத்தனை பேருக்கு மிஸ்ரமும் கண்டமும் பிரிச்சு சொல்லத் தெரியும்? ரொம்பக் கொஞ்சம். மத்தவங்க தொடையில தாளம் போட்டுட்டு இருப்பாங்க, மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி வாசிச்சு வேகம் ஏறிக்கிட்டே போயி கோர்வை மூணு தடவை வந்து சமத்துல டக்குனு விழும்போது ஹால் மொத்தமும் ஒரே நேரத்துல கை தட்டும். அந்தக் கை தட்டல்ல படிச்சவன் படிக்காதவன்னு ரெண்டு சத்தம் வர்றதில்ல. தாளம் தப்பா போட்டுட்டு இருந்த ஆளுக்குக் கூட "ஆஹா வந்துட்டாங்க"ன்னு உடம்பு சொல்லிடும்.

ட்ரம்லைன்ல வேலை செய்யறதும் அதே உடம்புதான். ஸ்னேர் வாசிக்கறவங்க எட்டு ஒம்பது பேர் வரிசையா நிப்பாங்க, குச்சி எல்லாம் ஒரே உயரத்துக்குப் போயி ஒரே உயரத்துக்கு வரும், ட்ரம் தோல் கெவ்லார் நார்ல செஞ்சது, அத டேபிள் மாதிரி கெட்டியா முறுக்கி வச்சிருப்பாங்க, அதனால ஒருத்தன் ஒரு இம்மி முந்தினாலும் பிந்தினாலும் காதுல குத்தும். குத்தாம இருக்குன்னா அத்தனை பேரும் ஒரே ஆளா வாசிக்கறாங்கன்னு அர்த்தம். அதுக்கு நொட்டேஷன் தெரிய வேண்டாம்.

அதவிட நல்ல நுழைவாயில் பேஸ் ட்ரம்னு நான் நினைக்கறேன். அஞ்சு பேர் அஞ்சு சைஸ்ல பேஸ் ட்ரம் மாட்டிட்டு நிப்பாங்க, சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும். வேகமா ஒரு உருட்டு மேலேர்ந்து கீழ இறங்கும், ஒரு ஆள் வாசிக்கற மாதிரிதான் கேக்கும், ஆனா அதுல ஒவ்வொரு அடியும் ஒவ்வொருத்தர் அடிக்கறது. மூணாவது ஆளுக்கு அந்த உருட்டுல மொத்தமே ஒரு அடிதான் இருக்கும், அவன் அந்த ஒரு அடிய ரெண்டாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் நடுவுல இருக்கற துளி இடைவெளியில சரியா வைக்கணும், அதுவும் நடந்துட்டே, சில சமயம் ஓடிட்டே. இத நான் யாருக்கு சொல்லிட்டு மறுபடி அதே வீடியோவ போட்டாலும் முகம் மாறிடுது. முதல் தடவை "டமடமடம"ன்னு கேட்டது, ரெண்டாவது தடவை அஞ்சு மனுஷங்களா தெரியறாங்க. ஒரே ஒரு வரி சொன்னேன், அவ்வளவுதான், தியரி எதுவும் சொல்லல.

எங்க தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியர், அவனுக்கு பாட்டுல பெருசா ஆர்வமே கிடையாது, அவன உள்ள இழுத்தது வேற ஒண்ணு. மைதானத்தோட அகலம் 160 அடி, அதாவது கிட்டத்தட்ட 49 மீட்டர். சத்தம் நொடிக்கு சுமாரா 340 மீட்டர் போகும். பின்னாடி கோட்டுல நிக்கற ஆள் அடிச்ச அடி முன் கோட்டுக்கு வந்து சேர 0.14 நொடி ஆகும். பாட்டு நிமிஷத்துக்கு 180 பீட்ல போகுதுன்னு வைங்க, ஒரு பீட்டுக்கு 0.33 நொடி, அப்ப பின்னாடி வாசிச்சது முன்னாடி வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட அரை பீட் தள்ளிப்போயிடும். எல்லாரும் முன்னாடி மேடையில நின்னு கையால தாளம் காட்டற ட்ரம் மேஜர் கைய மட்டும் பாத்து வாசிச்சா கேலரில இருக்கறவங்களுக்கு ஒரே குழப்பமா கேக்கும். அதனால என்ன பண்றாங்கன்னா, முன் கோட்டுல மரிம்பா வைப்ரஃபோன் எல்லாம் வச்சிட்டு நிக்கற குழு, அதை பிட்னு சொல்வாங்க, அவங்க பின்னாடிலேர்ந்து வர்ற ட்ரம் சத்தத்தக் காதுல வாங்கி அது வந்து சேர்ற நொடியில வாசிப்பாங்க, கைய பாத்து இல்ல. கண்ணு ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும், எப்ப எத நம்பணும்னு 150 பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அதுவும் ட்ரம்லைன் மைதானத்துல நகர்ந்துட்டே இருக்கு, அதனால தூரம் மாறிட்டே இருக்கு! தம்பி இதக் கேட்டுட்டு பேப்பர எடுத்து கணக்கு போட்டான், அப்புறம் மூணு ஷோ தொடர்ந்து பாத்தான், ஒவ்வொரு தடவையும் "ட்ரம்ஸ் இப்ப எங்க இருக்கு, எங்க இருக்கு"ன்னு அத மட்டும் தேடினான். அவனும் ரசிகன்தானே? பாட்டு வழியா வரல, சத்தம் போற வேகம் வழியா வந்தான்.

அம்மா வந்தது கலர் கார்டு வழியா. வெள்ளை பெயின்ட் அடிச்ச மரத்துப்பாக்கிய மேல சுழட்டிப் போடுவாங்க, காத்துல ஆறு சுத்து ஏழு சுத்து சுத்திட்டு கீழ வரும், கீழ ஆள் அதுக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்து பிடிப்பாங்க, இருபது பேர் ஒரே நொடியில பிடிக்கும்போது "டப்"புன்னு ஒரே ஒரு சத்தம் கேக்கும். அம்மாவுக்கு கீழ எந்த ட்யூன் போகுதுன்னு கவலையே இல்ல, மேல போன துப்பாக்கிய கண்ணு எடுக்காம பாத்துட்டு இருந்தாங்க. கமென்ட்ரி, விளக்கம் எதுவுமே தேவைப்படல.

அப்ப எல்லாமே ஈஸிதானா, யார் வேணா வந்து உக்காந்தா புரிஞ்சிடுமான்னு கேட்டா, அப்படியும் சொல்ல மாட்டேன். ட்ரம் கோர் சில இடத்துல நிஜமாவே ஆள வெளிய நிறுத்துது. ஆனா அது மியூசிக் அறிவு இல்லாததால இல்ல, அதத்தான் நான் அடிச்சு சொல்றேன்.

முதல் தடை மார்க். 100க்கு ஸ்கோர், அதுல ஜெனரல் எஃபெக்ட்டுக்கு, அதாவது ஷோ மொத்தமா மனசுல உண்டாக்கற தாக்கத்துக்கு 40, விஷுவலுக்கு 30, மியூசிக்குக்கு 30. ஒரு காலத்துல டிக் சிஸ்டம்னு இருந்துச்சு, ஜட்ஜ் எல்லாம் மைதானத்துக்குள்ளயே நடந்து போயி ஒவ்வொரு தப்புக்கும் 0.1 குறைப்பாங்க, அது 1983ஓட முடிஞ்சுது. அது கொடுமையா இருந்தாலும் வெளி ஆளுக்குப் புரியும், தப்பு பண்ணா மார்க் போச்சு, அவ்வளவுதான். இப்ப இருக்கறது எவ்வளவு கஷ்டமான விஷயத்த எவ்வளவு நல்லா பண்ணாங்கன்னு சேர்த்துப் பாக்கற முறை, அதுல தசம புள்ளிக்கு அப்புறம் மூணு எண். 2008ல ஃபேன்டம் ரெஜிமென்ட்ங்கற குழு 98.125, ப்ளூ டெவில்ஸ்ங்கற குழு 98.100, வித்தியாசம் 0.025. அந்த 0.025 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேலரில இருந்த யாராலயும் சொல்ல முடியாது, மியூசிக்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்களாலயும் முடியாது. ஆனா அந்த வருஷத்து ஃபேன்டம் ரெஜிமென்ட் ஷோவ பாருங்க, ஸ்பார்ட்டகஸ் கதை, ரோம் காலத்து அடிமைங்க எதுத்து எழறது, மைதானத்துல இருக்கற பசங்க "ஐ ஆம் ஸ்பார்ட்டகஸ்"னு ஒவ்வொருத்தரா கத்தும்போது கதை தெரியாதவங்களுக்குக் கூட மயிர்க்கூச்செறியும். மார்க்குதான் ட்ரம் கோர்னு நினைச்சு உள்ள வர்றவங்களுக்கு இது மூடின கதவு. ஷோதான் ட்ரம் கோர்னு வர்றவங்களுக்குக் கதவே இல்ல.

ரெண்டாவது தடை எங்கள மாதிரி ரசிகர்கள். வீடியோ கீழ கமென்ட்ல போயி பாருங்க, "மெல்லோஃபோன் இன்டோனேஷன் 2012 மாதிரி இல்ல", "கான்ட்ரா ஃபீட் டைமிங்", "பார்க் அண்ட் பார்க் (park and bark) ஜாஸ்தி"ன்னு போகும். நின்ன இடத்துல நின்னு சத்தமா வாசிக்கறத குறையா சொல்றதுதான் அந்தக் கடைசி சொல்லு. புதுசா வந்தவங்க இதப் படிச்சா "நம்ம சபை இது இல்ல"ன்னு நைஸா கிளம்பிடுவாங்க. சபாவுலயும் இது நடக்குது, பின்னாடி சீட்ல உக்காந்து "இன்னிக்கு தைவதம் கொஞ்சம் இறக்கம்"னு சத்தமா சொல்றவங்க பக்கத்துல முதல் தடவை வந்த பொண்ணு கை தட்டலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருப்பா. எனக்கு இதுல கோவமே வரும். நுணுக்கம் பேசறது தப்பு இல்ல, நானும் பேசுவேன், ஆனா ஒருத்தங்க "எனக்கு அந்த சிவப்புக் கொடி வந்த இடம் பிடிச்சிருந்துச்சு"ன்னு சொன்னா அதையும் ஒரு கருத்தா எடுத்துக்கற கூட்டமா நாம இருக்கணும்.

மூணாவது ஷோ டிசைன். இதுல நான் கொஞ்சம் நீளமா பேசணும், ஏன்னா "முன்னல்லாம் எல்லாருக்கும் புரியற மாதிரி வாசிச்சாங்க, இப்ப ஜட்ஜுக்கு வாசிக்கறாங்க"ங்கற சண்டை அங்க பல வருஷமா ஓடிட்டு இருக்கு. பாதி உண்மை இருக்கு. ட்யூன் ஒண்ணு ஆரம்பிச்சு நாம அதப் பிடிக்கறதுக்குள்ள வேற எங்கயோ தாவிடற ஷோ நிறைய இருக்கு. ரெக்கார்ட் பண்ண குரல் ஒண்ணு ஸ்பீக்கர்ல வந்து காலம், வெளி, மனம்னு தத்துவம் பேசற ஷோவும் இருக்கு, அது எனக்குப் பிடிக்கறதே இல்ல, விளக்கம் சொல்றேன்னு வந்து ஷோவ இன்னும் தூரமாக்கிடுது. 2004ல மைக்கும் 2009ல சின்தசைசரும் அனுமதிச்சப்போ பழைய ஆளுங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க. அதுல நான் அவங்க பக்கம் இல்ல. மைக் வந்ததால மரிம்பா சத்தம் மேல் கேலரி வரைக்கும் கேக்குது, அது புதுசா வர்றவங்களுக்கு நல்லதுதான். 2014ல ப்ளூகோட்ஸ் "டில்ட்"னு ஒரு ஷோ பண்ணாங்க, ஒஹையோல கேன்டன்ங்கற ஊர்க் குழு, அதுல பித்தளையும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து மொத்த சுருதியும் அப்படியே கீழ சறுக்கற ஒரு இடம் வரும், கண்ணெதிர்ல ஒரு கட்டடம் சாயற மாதிரி வயித்துக்குள்ள என்னவோ பண்ணும். அத ரசிக்க என்ன படிப்பு வேணும்? அந்த வருஷம் ஜெயிச்சது ப்ளூ டெவில்ஸ், 99.65, டிசிஐ வரலாற்றுலயே பெரிய ஸ்கோர். ப்ளூகோட்ஸ் ரெண்டாவது. நான் புது ஆளுங்களுக்கு முதல்ல போட்டுக் காட்டறது ரெண்டாவது வந்தவங்கள.

ஆனா "கஷ்டமான ஷோ பொது ஜனத்துக்கு ஆகாது"ன்னு அடிச்சு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 1993 கதை. ஸ்டார் ஆஃப் இண்டியானான்னு ஒரு குழு, அந்த வருஷம் பார்ட்டோக், பார்பர் ரெண்டு பேரோட இசைய எடுத்து இறுக்கமா, சிரிப்பே இல்லாம, வழக்கமான கை தட்டற இடம் எதுவும் வைக்காம ஒரு ஷோ பண்ணாங்க. கூட்டத்துல ஒரு பகுதி கூச்சல் போட்டு எதிர்ப்பு காட்டுச்சு. ஃபைனல்ஸ்ல 0.1ல கேடட்ஸ்ங்கற குழுகிட்ட தோத்தாங்க. அதோட அந்தக் குழு போட்டியிலேர்ந்தே விலகிடுச்சு. அதே ஆளுங்கதான் அப்புறம் அத மேடைக்குக் கொண்டு போனாங்க, "ப்ளாஸ்ட்!"னு பேர் வச்சு 1999ல லண்டன்ல ஆரம்பிச்சு 2001ல நியூயார்க் பிராட்வே நாடக மேடைக்கு வந்து டோனிங்கற நாடக விருதும் வாங்குச்சு. டிக்கெட் வாங்கி வந்த ஜனத்துல பாதிப் பேருக்கு மேல ட்ரம் கோர்னா என்னன்னே தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கறேன். ரசிகர்களே "இது யாருக்குப் புரியும்"னு கூச்சல் போட்ட குழுவோட கையிலேர்ந்துதான் எந்த அறிமுகமும் இல்லாதவங்க டிக்கெட் எடுத்துப் பாத்த ஷோ வந்திருக்கு. ஜனத்துக்கு என்ன புரியும்னு நாம முன்னாடியே முடிவு பண்றது எவ்வளவு தப்புன்னு இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நாலாவது தடை, நம்ம ஊர்லேர்ந்து பாக்கறவங்களுக்கு ரொம்பப் பெருசு, கிடைக்கறதே கஷ்டம். லைவ் ஸ்ட்ரீம் காசு கட்டித்தான் பாக்கணும், டாலர்ல கட்டற மாசக் கட்டணம் சும்மா ஒரு ஆர்வத்துக்குக் கட்டற காசு இல்ல. பாட்டு உரிமை பிரச்சனையால பழைய ஷோ பல யூட்யூப்ல நிக்கறதில்ல, இன்னிக்கு இருக்கும், அடுத்த வாரம் அந்த லிங்க் செத்துப்போயிருக்கும். கிடைக்கற வீடியோவுலயும் கேமராக்காரர் ஒரு ட்ரம்பெட் பையன் முகத்த க்ளோஸப்ல காட்டிட்டு இருப்பார், அந்த நேரத்துல பின்னாடி 80 பேர் வட்டத்துலேர்ந்து ஒரே நேர்கோடா மாறி பாக்கறவங்கள நோக்கி நடந்து வருவாங்க, அத நாம தவறவிட்டிருப்போம். இந்த நேர்கோட்டுக்கு கம்பெனி ஃப்ரன்ட்னு பேரு. குடியரசு தினத்துக்கு காமராஜர் சாலையில அணிவகுப்ப பாத்து வளர்ந்தவங்களுக்கு நேர்கோடு பெருசா தெரியாது, ஆனா இங்க அந்தக் கோடு ஒண்ணுமில்லாததுலேர்ந்து உருவாகி, ஹார்ன் எல்லாம் நேரா நம்ம முகத்தப் பாத்து முழு வால்யூம்ல திறக்கும். அதனால உயரத்துலேர்ந்து அசையாம எடுத்த வீடியோவ தேடுங்க, ஹை கேம்னு போட்டிருப்பாங்க. முதல்ல அது, அப்புறம் க்ளோஸப்.

இவ்வளவு தடையும் பாத்தீங்கன்னா, ஒண்ணு கூட "உங்களுக்கு ஸ்வரம் தெரியாது"ங்கறது இல்ல. காசு, லிங்க், கேமரா, ரசிகர்கள் பேசற பாஷை, சில டிசைனர்களோட பிடிவாதம், இதெல்லாம்தான். எல்லாமே மனுஷங்க சரி பண்ணக்கூடியது.

மியூசிக் தெரிஞ்சவங்களுக்கு நமக்குக் கேக்காத ஒண்ணு கேக்கும், அத மறுக்க மாட்டேன். ஆபீஸ் ஃப்ரெண்டோட அண்ணன் சர்ச் கொயர்ல ட்ரம்பெட் வாசிப்பார், அவரோட சேர்ந்து ஒரு ஷோ பாத்தேன், ஒரு மெதுவான இடத்துல கண்ண மூடிட்டு "அந்த நடு ஹார்மனி எவ்வளவு சுத்தமா இருக்கு"ன்னார். எனக்கு நடு எது ஓரம் எதுன்னு பிரிச்சுக் கேக்கத் தெரியல, மொத்தமா ஒரு கதகதப்பு மட்டும் தெரிஞ்சுது. ஆனா அவர் அந்த இடத்துல கண்ண மூடிட்டதால ட்யூபாக்காரங்க பத்துக் கிலோ கிட்ட இருக்கற வாத்தியத்த தோள்ல வச்சிட்டு பின்பக்கமா ஓடினத பாக்கல. ஓடும்போது அந்த வாத்தியத்தோட வாய் துளி கூட ஆடல. ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஷோ பாத்திருக்கோம், ரெண்டுமே அங்க இருந்துச்சு. பாத்து முடிச்சிட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம், மறுபடி போட்டுப் பாத்தோம்.

புதுசா பாக்க ஆசைப்படறவங்க பார்க்கிங் லாட் ட்ரம்லைன் வீடியோவுல ஆரம்பிங்க, ரெண்டு மூணு நிமிஷம்தான், பக்கத்துல நின்னு எடுத்தது, மூச்சு விடற சத்தம் கூட கேக்கும், பேஸ் ட்ரம் அஞ்சு பேரையும் கவனிங்க. அப்புறம் 2014 ப்ளூகோட்ஸ் முழு ஷோ. அப்புறம் 2008 ஃபேன்டம் ரெஜிமென்ட், அத மட்டும் வீட்ல நாலு பேரோட சேர்ந்து பாருங்க, தனியா பாக்கறதவிட அது நல்லா இருக்கும். ஸ்டார் 1993 கொஞ்சம் காது பழகினதுக்கு அப்புறம். ஸ்கோர் ஷீட் பக்கமே ஒரு வருஷத்துக்குப் போகாதீங்க, யார் ஜெயிச்சான்னு தெரியாமலே உங்களுக்கு யார பிடிச்சிருக்குன்னு முடிவு பண்ணுங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, தயவுசெஞ்சு, ட்யூபாவும் பெரிய பேஸ் ட்ரம்மும் அதுல வரவே வராது, ஹெட்ஃபோன் இல்லன்னா டிவில கனெக்ட் பண்ணி சத்தத்த நல்லா ஏத்தி வைங்க, பக்கத்து வீட்லேர்ந்து என்னன்னு கேட்டு வந்தா அவங்களையும் உக்கார வைங்க.